பத்தொன்பது நாளில் பிரித்த புறாக்குஞ்சுகளுக்குக் கழிச்சல்: முன்கூட்டியே பிரித்ததுதான் காரணமா?

மர்பிடவுன் மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு மர்பி டவுனில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு ஜோடி ஹோமர் (தொலைவில் விட்டாலும் கூண்டுக்குத் திரும்பும் இனம்) புறாக்களை வளர்த்து வருகிறேன். மூன்று ஜோடிகளின் ஆறு குஞ்சுகளைச் சென்ற வாரம் தாயிடமிருந்து பிரித்துத் தனிப்பெட்டியில் விட்டேன். அப்போது அவற்றுக்குப் பதினெட்டு, பத்தொன்பது நாள் வயது. பெட்டைகள் மறுபடியும் முட்டையிட்டுவிட்டன என்பதும், குஞ்சுகள் கூடாக வைத்திருந்த அதே சட்டிக்குள் ஏறி ஒரு முட்டையை மிதித்து உடைத்துவிட்டன என்பதும்தான் நான் அவசரப்பட்டதற்குக் காரணம்.

பெரிய புறாக்களுக்கு வைக்கும் அதே தீனியை, அதாவது கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், கொண்டைக்கடலை ஆகியவற்றின் கலவையை, ஒரு தட்டிலும், தண்ணீரை ஒரு ஆழமில்லாத மண் தட்டிலும் வைத்தேன். முதல் இரண்டு நாள் அவை கொத்திப் பார்ப்பதைக் கண்டு நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் காலை ஒரு குஞ்சின் தீனிப்பை (விழுங்கிய தீனி முதலில் தங்கும் கழுத்தடிப் பை) கல் போல இறுகியிருந்தது. அதன் அலகைத் திறந்தபோது மூன்று நாள் புளித்த மாவின் வாடை வந்தது. மற்றவற்றின் தீனிப்பை காலியாக இருந்தது; எச்சம் பச்சையாகவும் தண்ணீராகவும் கழிந்தது. ஐந்தாம் நாளுக்குள் இரண்டு இறந்துவிட்டன.

தீனி வாங்கும் கடையில் சொன்னபோது ஒரு மஞ்சள் நிற ஆன்டிபயாட்டிக் பொடியையும் குடற்புழு மருந்து ஒன்றையும் கொடுத்து, இரண்டையும் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார்கள். இன்னும் கலக்கவில்லை. இது முன்கூட்டியே பிரித்ததால் வந்த குடல் கோளாறா, அல்லது எப்படியும் வந்திருக்கக்கூடிய நோயா? மீதமுள்ள நான்கையும் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்? புறாப்பால் குடித்து வளர்ந்த குஞ்சுகளுக்கே இப்படி ஆகுமா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

---

விவேக்நகர் பழையவர் எழுதியது:

தம்பி, மருந்தை இன்றைக்குக் கலக்க வேண்டாம். முதலில் நான்கு குஞ்சுகளையும் காற்றும் ஈரமும் படாத பெட்டிக்கு மாற்றுங்கள். ஜூலை மாத இரவில் நம் ஊரில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். பத்தொன்பது நாள் குஞ்சு மேலே பார்த்தால் இறகு மூடியது போலத் தெரியும். இறக்கையைத் தூக்கிப் பாருங்கள், அடியில் இன்னும் வெறும் தோல்தான் இருக்கும். குளிர்ந்துபோன குஞ்சின் வயிற்றில் எதுவும் செரிக்காது. சூடு கிடைத்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், அதற்குப் பிறகே தீனி என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோழி தண்ணீரை அலகில் மொண்டு தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படியில்லை, அலகை நன்றாக அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். நீங்கள் வைத்தது ஆழமில்லாத தட்டு. அதில் பெரிய புறாவே சிரமப்படும். குடிக்கவே கற்றுக்கொள்ளாத குஞ்சு என்ன செய்யும்? ஒரு டம்ளர் ஆழமுள்ள பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரை வைத்து, குஞ்சின் அலகை மூக்குத் துளை நனையாத அளவுக்கு மெல்ல இறக்கிப் பிடியுங்கள். தொண்டை அசைவது விரலுக்குத் தெரியும். பிரித்த முதல் வாரத்தில் பசியால் செத்த குஞ்சைவிடத் தாகத்தால் செத்த குஞ்சையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தட்டில் தீனி குறைந்திருப்பதைப் பார்த்து, குஞ்சு தேறிவிட்டது என்று நாமும் ஏமாந்துபோகிறோம்.

இறுகிய தீனிப்பை உள்ள குஞ்சுக்கு மேலும் தீனி கொடுக்க வேண்டாம். சிறிது வெதுவெதுப்பான நீர் குடிக்கவைத்து, பையை விரலால் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். தலைகீழாகப் பிடித்துக் கொட்டவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீர் மூச்சுக்குழலில் இறங்கினால் அந்த நிமிடமே குஞ்சு போய்விடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். புறாப்பால் என்பது தீனிப்பையின் உட்சுவரில் பெருகி, கொழுப்பு நிரம்பி, உதிர்கிற செல்களால் ஆனது. ஆணும் பெண்ணும் இரண்டுமே சுரக்கும். குஞ்சு பொரிந்த முதல் மூன்று, நான்கு நாளுக்கு அது மட்டும்தான் உணவு. அதன் பிறகு ஊறிய தானியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இரண்டாம் வார இறுதியில் பால் மிகவும் குறைந்துவிடும். ஆகவே பத்தொன்பதாம் நாளில் நீங்கள் பிரித்தபோது பாலைப் பறிக்கவில்லை. பத்து நாளில் பிரித்திருந்தால் அது வேறு கதை. நீங்கள் பறித்தது ஊறல் தொட்டியை.

இந்த வயதில் தாயின் தீனிப்பை ஊறல் தொட்டி மாதிரிதான் வேலை செய்கிறது. பெரிய புறா தானியத்தை விழுங்கி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அதைத் தன் உடல் சூட்டிலேயே ஊறவைத்து, குஞ்சின் வாய்க்குள் கக்கி ஊட்டுகிறது. ஒரே ஊட்டலில் தீனி, தண்ணீர், சூடு மூன்றும் போகின்றன. உங்கள் பெட்டியில் இருந்ததோ காய்ந்த கொண்டைக்கடலை. தண்ணீர் குடிக்கத் தெரியாத குஞ்சு அதை விழுங்கினால் அது தீனிப்பையிலேயே தங்கி, உப்பி, புளித்துப்போகும். உங்கள் மூக்குக்கு வந்த வாடை அதுதான்.

ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். குஞ்சுகளுக்குப் பதினேழு நாள் ஆகும்போது பெட்டை மறுபடி முட்டையிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது முட்டை வர ஏறக்குறைய இரண்டு நாள். அதன் பிறகு அடைகாக்கப் பதினேழு, பதினெட்டு நாள். புதிய குஞ்சு பொரியும்போது பழைய குஞ்சுக்கு முப்பத்தைந்து நாள் தாண்டியிருக்கும். அவசரம் எங்கே இருக்கிறது? முட்டை உடைவதுதான் கவலை என்றால் அதே அறையின் மறுமூலையில் இரண்டாவது சட்டி ஒன்றை வைத்தால் போதும். பெட்டை அங்கே முட்டையிடும். பழைய குஞ்சுகளுக்கு ஊட்டும் வேலையை இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஆண் புறாவே பார்த்துக்கொள்ளும்.

---

நுண்ணோக்கி எழுதியது:

கால்நடை ஆய்வுக்கூடம் ஒன்றில் எச்ச மாதிரிகளைப் பார்ப்பது என் அன்றாட வேலை. பெரியவர் சொன்ன ஊறல் தொட்டி விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். தீனிப்பைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

புறாப்பாலின் உலர்பொருளில் பாதிக்கு மேல் புரதம், மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பு. மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். கம்பிலும் சோளத்திலும் நிலைமை தலைகீழ்: ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அதாவது மூன்று வாரத்துக்குள் குஞ்சின் குடல் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நிலையிலிருந்து மாவுச்சத்தைச் செரிக்கும் நிலைக்கு மாற வேண்டியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கக் கணையத்தில் சுரக்கும் அமைலேஸ் நொதி, வயதும் தானிய அளவும் கூடக்கூடப் படிப்படியாக உயர்கிறது. தாய்ப் புறா பாலைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டும் வேகத்திலேயே இந்த மாற்றமும் நடப்பதால் குடலுக்கு அதிர்ச்சி இல்லை. நாம் ஒரே நாளில் ஊட்டலை நிறுத்தி உலர்ந்த முழுத் தானியத்துக்கு மாற்றினால், செரிக்காத மாவு குடலின் கீழ்ப்பகுதிக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. கழிச்சலின் ஒரு பாதி அது.

மறுபாதி பட்டினி. குடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள், உணவு தங்கள் மீது பட்டுச் செல்லும் வரைதான் நீண்டு செழித்து நிற்கும். சில நாள் உணவு செல்லாவிட்டால் அவை குட்டையாகிவிடும் என்பது கோழிகளில் நன்றாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது. அப்படிக் குட்டையான பிறகு குஞ்சு மீண்டும் தின்னத் தொடங்கினாலும் சத்தை உறிஞ்சும் பரப்பு குறைந்திருக்கும். தின்றும் தேறாத குஞ்சு என்று நம் கூண்டுக்காரர்கள் சொல்வது பல நேரங்களில் இதைத்தான். நீங்கள் கண்ட பச்சை எச்சமும் பட்டினியின் அடையாளமாக இருக்க வாய்ப்புண்டு. புறாவுக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் தேங்கி நிற்காமல் நேராகக் குடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். குடலில் உணவு இல்லாதபோது அந்தப் பித்தமே பச்சையாக வெளியேறுகிறது.

புறாப்பால் குடித்த குஞ்சுக்கே இப்படி ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பாலில் ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதமும் தாயின் குடலுக்குப் பழக்கமான நுண்ணுயிர்களும் இருக்கின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், புறாப்பால் கலந்து கொடுத்த கோழிக்குஞ்சுகளின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடியதும், எதிர்ப்பாற்றல் தொடர்பான மரபணுக்கள் கூடுதலாக இயங்கியதும் பதிவாகியுள்ளன. பாலே சுரக்காத இனத்தின் குஞ்சுக்கே அது பயன்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பான செய்தி. ஆனால் அந்தப் பாதுகாப்பு இரவலாகக் கிடைத்தது. பால் நின்ற பிறகு அது தேய்ந்துகொண்டே வரும். குஞ்சின் சொந்த எதிர்ப்பாற்றலோ அப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் வாரம் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம். பசி, குளிர், இடமாற்றம் மூன்றையும் அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் முன்கூட்டிப் பிரிப்பதன் உண்மையான ஆபத்து.

ஏனென்றால் கிருமிகள் புதிதாக வர வேண்டியதில்லை. கோழிகளில் ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் உறவான காக்சிடியா பெரும்பாலான பெரிய புறாக்களின் குடலில் சிறிதளவு எப்போதும் இருக்கும். தொண்டையில் மஞ்சள் படிவை உண்டாக்கும் டிரைக்கோமோனாஸ் தாய் ஊட்டும்போதே குஞ்சுக்குப் போய்விடும். வலுவான குஞ்சு அவற்றைத் தாங்கிக்கொள்ளும், வலுவிழந்த குஞ்சு தாங்காது. எனவே இது பிரித்ததால் வந்ததா நோயால் வந்ததா என்ற உங்கள் கேள்விக்கு, பிரித்ததால் ஏற்கெனவே இருந்த நோய் தலைதூக்கியது என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. உறுதிப்படுத்த எச்சத்தைப் பரிசோதித்தே ஆக வேண்டும். இன்று காலை விழுந்த புதிய எச்சத்தை, நான்கு குஞ்சுகளிடமிருந்தும் தனித்தனியாக, சுத்தமான சிறிய டப்பாக்களில் எடுத்துக்கொண்டு ஹெப்பாளத்திலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ செல்லுங்கள்.

கடைக்காரர் கொடுத்த இரண்டு மருந்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாட்டிக் பொடி குடலில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே அழிக்கும். ஏற்கெனவே புளித்திருக்கும் தீனிப்பையில் அதனால் கேண்டிடா என்னும் பூஞ்சைக்கு இன்னும் இடம் கிடைக்கும். குடற்புழு மருந்தைப் பொறுத்தவரை, உருண்டைப்புழு குஞ்சின் வயிற்றில் வளர்ந்து முட்டையிடவே ஐந்தாறு வாரம் ஆகும். இருபத்து நான்கு நாள் குஞ்சின் கழிச்சலுக்கு அதைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

---

சிவாஜிநகர் ரேஸ் எழுதியது:

பெரியவர்கள் இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் எட்டு ஆண்டுகளாக இருபத்தோராம் நாளிலேயே பிரிக்கிறேன். பந்தயத்துக்குப் பழக்கும் குஞ்சு சீக்கிரம் தனியாக நின்றால்தான் கூண்டோடு ஒட்டும், விசிலுக்கு இறங்கும். வாரம் ஒருமுறை பூண்டுத் தண்ணீரும் மறுநாள் தயிர் கலந்த தண்ணீரும் வைக்கிறேன். என் கூண்டில் இப்படிப்பட்ட கழிச்சல் வந்ததில்லை. ஆகவே நாள் கணக்கைக் குறை சொல்வதைவிடக் கூண்டின் சுத்தத்தைப் பார்ப்பதே மேல் என்று நினைக்கிறேன்.

---

நுண்ணோக்கி எழுதியது:

அண்ணா, உங்கள் கூண்டைப் பற்றி நான் ஐயப்படவில்லை. ஆனால் ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இருபத்தோராம் நாளில் நீங்கள் பிரிக்கும் குஞ்சுகள் அதற்கு முன்பே தாயோடு சேர்ந்து தட்டில் கொத்திப் பழகியிருக்கின்றனவா? பதினாறாம் நாளிலிருந்து கூட்டுக்குள்ளேயே சிறு கிண்ணத்தில் தீனி வைப்பவர்களுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு நாள் ஒத்துவருவதை நானும் பார்த்திருக்கிறேன். தீனித் தட்டையே பார்த்திராத குஞ்சுக்கு இருபத்தெட்டு நாள்கூடச் சிரமம்தான். இறக்கைக்கடியில் இறகு மூடியிருக்கிறதா, தானாகத் தண்ணீர் குடிப்பதைக் கண்ணால் பார்த்தோமா, மாலையில் தடவினால் தீனிப்பையில் தானியமும் நீரும் சேர்ந்து நெகிழ்வாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பதே பாதுகாப்பானது. ஹோமர் குஞ்சுகளில் இவையெல்லாம் கூடிவருவது பொதுவாக இருபத்தாறிலிருந்து முப்பது நாளுக்குள்.

தயிர்த் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். பால் என்ற பெயர் இருந்தாலும் புறாப்பாலில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இல்லை. பறவைக் குடல் லாக்டோஸைச் சரியாகச் செரிப்பதும் இல்லை. புளித்த தயிரில் அது குறைவுதான் என்றாலும், வெயிலில் நாள் முழுவதும் வைத்த தயிர்த் தண்ணீர் மாலைக்குள் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமணி நேரத்தில் எடுத்துவிடுவீர்கள் என்றால் கெடுதல் இல்லை. கழிச்சல் கண்ட குஞ்சுக்கு மட்டும் அதைத் தவிர்க்கலாம்.

---

சிவாஜிநகர் ரேஸ் எழுதியது:

உண்மைதான். என் கூட்டுக்குள் தீனிக் கிண்ணம் பதினைந்தாம் நாளிலிருந்தே இருக்கும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று எண்ணி அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிரித்த குஞ்சுகளோடு ஒரு வாரம் மூத்த குஞ்சு ஒன்றையும் விடுவது என் வழக்கம். அது தண்ணீருக்குப் போனால் மற்றவையும் பின்னாலேயே போகும். தம்பிக்கு அது உதவலாம்.

---

மர்பிடவுன் மாடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

அன்றிரவே குஞ்சுகளைக் கீழ்வீட்டுக்குக் கொண்டுவந்து, அட்டைப்பெட்டிக்கு மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டேன். அலகை நீரில் இறக்கிப் பிடித்ததும் நான்கும் விடாமல் குடித்த குடியைப் பார்த்தபோது, இந்த ஐந்து நாளும் அவை தண்ணீரே குடிக்கவில்லை என்பது புரிந்தது. என்னால் சிறிது நேரம் அங்கே உட்கார முடியவில்லை.

மறுநாள் எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மூன்று குஞ்சுகளின் மாதிரியில் காக்சிடியா முட்டைகள் மிதமான அளவில் இருந்தன. புழு முட்டை எதுவும் இல்லை. நான்காவது மாதிரி, அதாவது தீனிப்பை இறுகியிருந்த குஞ்சினுடையது, காக்சிடியா இல்லாமல் இருந்தது. ஆனால் அதன் தீனிப்பை நீரில் பூஞ்சை தெரிந்ததாக மருத்துவர் சொன்னார். ஒவ்வொரு குஞ்சையும் எடை போட்டு, காக்சிடியாவுக்கு மூன்றுக்கும் பூஞ்சைக்கு ஒன்றுக்கும் எனத் தனித்தனி மருந்து எழுதிக்கொடுத்தார். கடையில் வாங்கிய பொடிகளைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நான்கு குஞ்சுக்கும் ஒரே மருந்தைத் தொட்டியில் கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்று காலை மூன்றின் எச்சம் உருண்டு, மேலே வெள்ளைத் தொப்பியோடு விழுந்திருக்கிறது. நான்காவது இன்னும் கூம்பியே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் தீனிப்பை இரவுக்குள் வற்றிவிடுகிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. இவற்றை மறுபடியும் தாய்ப் புறாக்களிடம் விடலாமா? எப்போது பழைய தீனிக்குத் திரும்பலாம்?

---

விவேக்நகர் பழையவர் எழுதியது:

தாயிடம் திரும்ப விட வேண்டாம். எட்டு நாளாகப் பிரிந்த குஞ்சை, முட்டையில் உட்கார்ந்திருக்கும் ஜோடி பெரும்பாலும் கொத்தி விரட்டும். காக்சிடியா கண்ட குஞ்சை மற்றக் குஞ்சுகள் உள்ள கூண்டுக்குள் விடுவதும் சரியில்லை. அந்தக் கிருமியின் முட்டை ஈரத்தில்தான் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே பெட்டியின் அடியில் விரித்த தாளைத் தினமும் மாற்றி, பழைய பெட்டியைச் சுரண்டிக் கழுவி, வெயில் வரும் நாளில் நன்றாகக் காயவைத்துவிடுங்கள்.

தீனியைப் பொறுத்தவரை, எட்டு மணி நேரம் ஊறவைத்துக் கழுவிய பச்சைப்பயறும் பட்டாணியும் ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து மணி என்று கையால் அலகைத் திறந்து ஊட்டுங்கள். முந்தைய வேளைத் தீனி இறங்கியிருந்தால் மட்டும் அடுத்த வேளை. இரண்டு, மூன்று நாள் அது தங்கினால் எண்ணிக்கையைக் கூட்டி, பக்கத்திலேயே கம்பைத் தூவி வையுங்கள். சிறு மணித் தானியத்தைத்தான் குஞ்சு முதலில் தானாகப் பொறுக்கப் பழகும். கொண்டைக்கடலையும் முழு மக்காச்சோளமும் கடைசியில் வரட்டும். கிரிட்டும் (சிறு கல், சுண்ணாம்புத் துகள் கலவை) அப்போது வைக்கலாம். பல்லில்லாத பறவைக்கு அரைவைப்பையில் கல் இருந்தால் முழுத் தானியம் நன்றாக அரைபடும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பின்னாளில் எப்போதாவது மருத்துவர் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் மருந்து எழுதினால், அது முடியும் வரை கிரிட்டை எடுத்துவிட வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்பு மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது.

கூம்பியிருக்கும் நான்காவதை மற்ற மூன்றோடு சேர்த்து வைக்காமல் இன்னும் ஒரு வாரம் தனியாகவே வைத்துப் பாருங்கள், தம்பி. காலையில் எடை போட்டு எழுதி வாருங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும்.